பாலத்துக்குக் கீழே ஒரு முத்தாறு!



சேலம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? "மாம்பழம்!" என்பீர்கள். "உருக்காலை!" என்பான் ஒருவன். "தட்டுவடை செட்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். எந்தக் கேள்விக்கு எந்த வரிசையிலிருந்து பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஆனால் இத்தனை ஆண்டுகளில் "ஆறு" என்று ஒரு மாணவன்கூடச் சொன்னதில்லை.

சேலம் ஓர் ஆற்றங்கரை ஊர். என்ன, வியப்பாக இருக்கிறதா? பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பாலத்தைத் தாண்டுவீர்களே, அதற்குக் கீழே கருப்பாக ஓடுகிறதே, அதுதான் அந்த ஆறு. பலரும் அதைச் சாக்கடை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பெயரைக் கேளுங்கள்: திருமணிமுத்தாறு! திரு, மணி, முத்து, ஆறு. இவ்வளவு அழகான பெயர் தமிழ்நாட்டில் வேறு எந்த ஆற்றுக்காவது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். இந்த ஆற்றில் கிடைத்த முத்துதான் மதுரை மீனாட்சியம்மனின் மூக்குத்தியில் இருக்கிறது என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகள் கதை சொல்வார்கள். கதைதான். ஆனாலும் சாக்கடையைப் பற்றி யாரும் இப்படி ஒரு கதை கட்டமாட்டார்கள் அல்லவா?

இன்று இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டே சேலத்தின் பழைய பேட்டைகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். வீட்டுப் பெரியவர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி நல்ல நேரம். வெயிலும் இருக்காது, வண்டி நெரிசலும் இருக்காது.

மலைகளுக்கு நடுவே

முதலில் நிமிர்ந்து பாருங்கள். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. வடகிழக்கில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை. நான்கு பக்கமும் மலை! ‘சைலம்’ என்றால் மலை. அதுதான் சேலம் ஆனது என்பவர்கள் உண்டு. ‘சேரலம்’ என்பதுதான் சேலம் ஆனது என்பவர்களும் உண்டு. அறிஞர்கள் பேசி முடிக்கட்டும், நாம் நடப்போம்.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி ஒன்று சேர்ந்து திருமணிமுத்தாறாக ஊருக்குள் வருகிறது. வருகிற வழியில் மலைத்தண்ணீரைப் பிடித்து வைக்க ஏரிகளை வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர். கன்னங்குறிச்சி மூக்கனேரி அவற்றில் ஒன்று. குப்பையும் கழிவும் சேர்ந்து பாழாய்க் கிடந்த அந்த ஏரியை 2010-ஆம் ஆண்டு முதல் ஊர் மக்களே இறங்கிச் சீர்ப்படுத்தினார்கள். தூர் வாரிய மண்ணைக் குவித்து ஏரிக்குள்ளேயே சிறு சிறு தீவுகள் அமைத்து மரக்கன்று நட்டார்கள். இப்போது அந்த மரங்களில் பறவைகள் இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கோட்டையும் பேட்டையும்

பழைய பேருந்து நிலையம் இப்போது ஈரடுக்குக் கட்டடமாக மாறிவிட்டது. 2023-இல் திறந்தார்கள். அதன் பக்கத்தில்தான் சுகவனேஸ்வரர் கோயில். ‘சுகம்’ என்றால் கிளி. கிளி முகம் கொண்ட சுக முனிவர் வழிபட்ட வனம் என்பதால் சுகவனம். அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். கோயிலுக்குள் போனால் கல்லில் கிளியைத் தேடுங்கள். யார் முதலில் கண்டுபிடிக்கிறீர்கள் என்று போட்டி வைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டை. "சார், கோட்டை எங்கே?" என்று கேட்காதீர்கள். மதில் தேடினால் கிடைக்காது. பெயர் மட்டும் மிச்சம். ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. ஐதர் அலி, அவர் மகன் திப்பு சுல்தான், கிழக்கிந்தியக் கம்பெனி என்று மூவருடைய படைகளும் இந்த மண்ணில் மோதியிருக்கின்றன. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலம் பகுதியைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. கர்னல் அலெக்சாண்டர் ரீடு இங்கே கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் ஆனாரே, சென்னை அண்ணா சாலையில் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்! நிலத்தை உழுகிறவரிடமே நேரடியாக வரி வாங்கும் ‘ரயத்துவாரி’ முறையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான்.

கோட்டைப் பகுதிக்குள்ளேயே எத்தனை வழிபாட்டு இடங்கள் பாருங்கள்! ‘கோட்டைப் பெருமாள்’ என்று ஊரார் அழைக்கும் அழகிரிநாதர் கோயில். ஆற்றங்கரையிலேயே ஜாமியா மசூதி. திப்பு சுல்தான் காலத்துப் பள்ளிவாசல் என்று சொல்வார்கள். அப்புறம் கோட்டை மாரியம்மன். ஆடி மாதத்தில் உங்களுக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கிறதே, அது இந்த அம்மன் தயவு. சேலத்தில் ‘எட்டுப் பேட்டை மாரியம்மன்’ என்று ஒரு பேச்சு உண்டு. எட்டுப் பேட்டைகளிலும் எட்டு மாரியம்மன். அத்தனைக்கும் மூத்தவள் கோட்டைப் பெரிய மாரியம்மன்.

இந்த ஒரு பேச்சிலேயே பழைய ஊரின் வரைபடம் முழுவதும் இருக்கிறது. அரசனும் படையும் இருந்த இடம் கோட்டை. அதைச் சுற்றி வணிகரும் கைவினைஞரும் குடியேறிய இடங்கள் பேட்டை. பெங்களூரிலும் இப்படித்தான் ‘கோட்டே’, ‘பேட்டே’ என்று இரண்டு உண்டு. படை தங்கிய இடம் பாளையம். சிற்றூர் என்றால் பட்டி. இனி பேருந்தில் போகும்போது பெயர்ப்பலகைகளைப் படியுங்கள். அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, கிச்சிப்பாளையம், அரிசிப்பாளையம், அன்னதானப்பட்டி... வாலைப் பார்த்தாலே அந்த இடம் முன்பு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அணைமேடு என்ற பெயருக்குள் ஓர் அணை ஒளிந்துகொண்டிருக்கிறது பாருங்கள்! அதுவும் ஆற்றோரத்து இடம்தான்.

செவ்வாய்க்கிழமையில் பிறந்த பேட்டை

ஆனந்தா பாலத்தில் நில்லுங்கள். பூ வாசம் ஒரு பக்கம், ஆற்று வாடை மறுபக்கம்! முதல் அக்ரகாரம், இரண்டாவது அக்ரகாரம், சின்னக்கடை வீதி எல்லாம் இந்தச் சுற்றில்தான். அக்ரகாரத் தெருக்களில் இப்போது ஜவுளிக்கடையும் பாத்திரக்கடையும் நிறைந்துவிட்டன. ஆனாலும் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்தால், கடைப் பலகைக்கு மேலே பழைய ஓட்டுக்கூரையும் மரத்தூணும் ஒன்றிரண்டு இடங்களில் எட்டிப் பார்க்கும். நான் மாணவர்களை அழைத்துப் போகும்போது "கீழே கடை, மேலே சரித்திரம்" என்று சொல்லி வைப்பேன்.

அடுத்து செவ்வாய்ப்பேட்டை. பெயருக்குக் காரணம் சுலபம். செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை கூடிய பேட்டை. ஆங்கிலேயருக்கு ‘செவ்வாய்’ வாயில் நுழையவில்லை, ‘ஷெவாபேட்’ ஆக்கிவிட்டார்கள். இங்குள்ள லீ பஜாரில் அரிசி, பருப்பு, வெல்ல மூட்டைகளை ஏற்றி இறக்கும் சத்தம் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும்.

ஆனால் செவ்வாய்ப்பேட்டையின் உண்மையான இசை சந்துகளுக்குள் இருக்கிறது. காது கொடுத்துக் கேளுங்கள். டக், டக், டக். வெள்ளிப் பட்டறை! உங்கள் தங்கை காலில் கொலுசு போட்டிருந்தால், அது இந்தச் சந்துகளில் ஒன்றில் பிறந்ததாக இருக்கலாம். சேலம் கொலுசு வட இந்தியா வரை போகிறது.

ஒரு கொலுசை ஒரே ஆள் செய்வதில்லை தெரியுமா? ஒரு பட்டறையில் வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பார்கள். அடுத்த வீட்டில் அந்தக் கம்பியை வளைத்து வளையம் வளையமாகக் கோப்பார்கள். இன்னொரு வீட்டில் நெருப்பை ஊதிப் பற்றவைப்பார்கள். சலங்கை மாட்டுவது ஒருவர், மெருகு போடுவது வேறொருவர். ஒரு கொலுசு உங்கள் கைக்கு வருவதற்கு முன் நாலைந்து வீட்டு வாசற்படி ஏறி இறங்கியிருக்கும். இயந்திரத்தில் செய்த கொலுசு வந்த பிறகு கைவேலைக்குக் கூலி குறைந்து போயிற்று. பட்டறைக்காரர் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போனது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நெருப்புக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து முதுகு வளைந்து போன பெரியவர்களைப் பார்த்தவன் நான்.

தறிச் சத்தம்

அம்மாப்பேட்டைக்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள், கால் வலிக்கும். இது நெசவாளர் பேட்டை. தமிழ் பேசும் நெசவாளரோடு சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளரும் இங்கே பல தலைமுறையாக வாழ்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று மொழி கேட்கும்!

குழித்தறி பார்த்திருக்கிறீர்களா? தரையில் ஒரு குழி. நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டு மிதிப்பார். மிதிக்கும்போது நீளவாக்கில் கட்டிய பாவு நூல் பாதி மேலே, பாதி கீழே பிரியும். அந்த இடைவெளியில் நாடா ‘சரக்’கென்று பாய்ந்து ஊடை நூலைக் குறுக்கே விட்டுச் செல்லும். ஒரு அடி அடித்து நெருக்குவார். மறுபடி மிதி, மறுபடி நாடா. ஒரு வேட்டிக்கு இப்படி ஆயிரக்கணக்கான முறை! சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதாவது, வேறு ஊரில் நெய்துவிட்டுச் ‘சேலம் பட்டு’ என்று பெயர் போட்டு விற்க முடியாது. நம் ஊர் ஜவ்வரிசிக்கும் 2023-இல் அந்தக் குறியீடு கிடைத்தது.

அந்தக் காலத்தில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். சைக்கிளில் பள்ளிக்கு வரும் பையன்கள் பாவுக்கு ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள். தாமதமாக வந்த பையன் "பாவு, சார்" என்றால் ஆசிரியர் மறுபேச்சுப் பேச முடியாது! வீட்டில் பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து இராட்டையில் தார் சுற்றுவார்கள். இன்று கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகிவிட்டது. அம்மாப்பேட்டைச் சந்துகளில் இப்போது கேட்பது பெரும்பாலும் விசைத்தறியின் ‘கடகட’தான். எங்காவது ஒரு வீட்டில் மெதுவான ‘டடக்... டடக்’ கேட்டால் நின்று, அனுமதி கேட்டு எட்டிப் பாருங்கள். நெசவாளர்கள் குழந்தைகளை விரட்டமாட்டார்கள்.

குகை என்ற பகுதிக்கும் போக வேண்டும். ஒரு துறவி குகையில் தங்கியிருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஆடித் திருவிழாவில் இங்கே ‘வண்டி வேடிக்கை’ நடக்கும். மனிதர்களே சாமி வேடம் போட்டு, அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலம் வருவார்கள். முன்பு மாட்டு வண்டி, இப்போது மோட்டார் வண்டி. சிவனாக வேடம் போட்டவர் அசையாமல் நிற்பதைப் பார்க்க வேண்டுமே! கொசு கடித்தாலும் அசையமாட்டார்.

வெள்ளைக்காரர்கள் குடியிருந்தது ஆற்றங்கரை நெரிசலில் அல்ல, வடக்கே அஸ்தம்பட்டிப் பக்கம். பங்களாக்களும் தேவாலயமும் மத்தியச் சிறையும் அங்கே வந்தன. 1861-இல் ரயில் வந்தபோது நிலையத்தை ஊருக்கு மேற்கே சூரமங்கலத்தில் கட்டினார்கள். அதனால் ரயிலில் இறங்குகிறவர் இன்றும் ஐந்தாறு கிலோ மீட்டர் பயணம் செய்துதான் பழைய ஊரைப் பார்க்க முடியும். ஏற்காடு சாலையில் ஒரு தோரண வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் அந்த நிறுவனம் எடுத்தவை. இன்று வளைவு மட்டுமே இருக்கிறது.

பெரியவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும். 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த சி.விஜயராகவாச்சாரியார் சேலத்து வழக்கறிஞர். இன்னொரு சேலத்து வழக்கறிஞர் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தார். அவர் 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்? ஆமாம், ராஜாஜி! நீதிக்கட்சி ‘திராவிடர் கழகம்’ என்று பெயர் மாறியதும் 1944-இல் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான்.

ஆறு எப்போது மறந்து போயிற்று?

கோயில், கோட்டை, மசூதி, அக்ரகாரம், கடைவீதி என்று எல்லாம் ஏன் ஆற்றை ஒட்டியே இருக்கின்றன? தண்ணீர்தான் காரணம். குடிக்க, குளிக்க, நூலை அலச, மாட்டைக் கழுவ என்று எல்லாவற்றுக்கும் ஆறும் அதன் ஊற்றும் கிணறும்தான். அப்படிப்பட்ட ஆற்றை ஊர் எப்படி மறந்தது?

என் கணக்கு இது. 1911-இல் பனமரத்துப்பட்டி ஏரி அமைந்து அங்கிருந்து சேலத்துக்குக் குடிநீர் வந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. பின்னாளில் காவிரித் தண்ணீரே குழாயில் வந்துவிட்டது. குழாயைத் திருகினால் தண்ணீர் என்று ஆனதும், வாசல் ஆற்றைப் பார்த்து இருந்த வீடுகள் மெல்லத் திரும்பிக் கொல்லைப்புறத்தை ஆற்றுக்குக் காட்டத் தொடங்கின. கொல்லைப்புறம் என்றால் என்ன போடுவோம்? குப்பை. ஊர் பெருகப் பெருகச் சாக்கடை நீரும் அதிலேயே சேர்ந்தது. சாயப்பட்டறைகளின் கழிவும் சேர்ந்தது.

சாயக் கழிவில் உள்ள சங்கதியைக் கவனியுங்கள். நூலில் சாயம் நன்றாக ஏற உப்புச் சேர்ப்பார்கள். அலசும்போது மிச்சச் சாயமும் உப்பும் தண்ணீரோடு போகும். சாயம் கண்ணுக்குத் தெரியும், எல்லாரும் கூச்சல் போடுவோம். உப்பு தெரியாது. அது சத்தம் போடாமல் நிலத்தில் இறங்கிக் கிணற்றைச் சேரும். கிணறு உப்பானால் தென்னை காய்ப்பது குறையும், நெற்பயிர் தேறாது.

ஒருமுறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "வீட்டில் யாராவது இந்த ஆற்றில் குளித்திருக்கிறார்களா என்று கேட்டு வாருங்கள்" என்றேன். மறுநாள் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு சிறுமி மட்டும், தன் பாட்டி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் நீர் மொண்டதாக ஒரு பக்கம் எழுதி வந்தாள். எந்தத் துறை, எந்தத் தெரு, எவ்வளவு ஆழம் என்று எல்லாம் கேட்டு எழுதியிருந்தாள். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. நீங்களும் கேட்டு எழுதி வையுங்கள். இப்போதே கேளுங்கள், அந்தப் பாட்டிகளுக்கு வயதாகிறது.

ஊருக்குள் ஓடும் ஆறு தொலைந்து போவது சேலத்தில் மட்டும் நடந்ததில்லை. லண்டனில் ஃபிளீட் என்றொரு ஆறு ஓடியது. இன்று அது சாலைக்கு அடியில் ஓடும் சாக்கடை. ‘ஃபிளீட் தெரு’ என்று தெருவின் பெயரில்தான் ஆறு மிச்சம். தென்கொரியாவின் சியோல் நகரில் வேறு மாதிரி நடந்தது. அங்கே நகர நடுவில் ஓடிய சியோங்கியேசியோன் ஓடையை 1958 முதல் மூடிச் சாலை போட்டார்கள், அதன்மேல் மேம்பாலமும் கட்டினார்கள். பிறகு மனம் மாறி 2003-இல் மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஏறக்குறைய ஆறு கிலோ மீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். இப்போது அங்கே குழந்தைகள் கால் நனைக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம். அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி மோட்டார் வைத்து இறைத்துக் கொண்டு வருவது. நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. சேர்வராயன் மலை இன்னும் இருக்கிறது, மழை பெய்தால் ஆறு இன்னும் வருகிறது. கழிவு கலக்காமல் இருந்தால் போதும். மூக்கனேரியை நினைவில் வைக்கச் சொன்னேனே!

ஊருக்கு வெளியே

சேலத்தைத் தாண்டிய ஆறு முதலில் போவது உத்தமசோழபுரம். ஆற்றங்கரையில் கரபுரநாதர் கோயில் இருக்கிறது. பாரி மன்னன் இறந்த பிறகு அவன் மகள்கள் அங்கவை, சங்கவைக்கு ஒளவையார் திருமணம் செய்து வைத்தது இங்கேதான், மூவேந்தரும் வந்திருந்தார்கள் என்பது உள்ளூர்க் கதை. ஒளவையாருக்கு இங்கே சிலையும் உண்டு. திருக்கோவலூர்க்காரர்களும் பாரி மகளிர் திருமணத்தைத் தங்கள் ஊர்க் கதையாகச் சொல்வார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்!

இந்தப் பக்கத்தில்தான் ஆட்டையாம்பட்டி. கையாலேயே சுற்றும் முறுக்குக்குப் பேர்போன ஊர். ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மேலே இன்னும் தூரம் இருக்கிறது. ஆறு நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைகிறது. 1997-க்கு முன் இதுவும் சேலம் மாவட்டம்தான். சமவெளி வந்ததும் ஆறு விரிகிறது, இரு கரையிலும் வயல்கள். இந்த வயல்களுக்குப் போகும் தண்ணீரில் அம்மாப்பேட்டையின் சாயமும் இருக்கிறது, ஆனந்தா பாலத்துக் குப்பையும் இருக்கிறது.

கடைசியாக, பரமத்திவேலூர்ப் பக்கம் நஞ்சை இடையாறு. வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் நெல்லும் பச்சைப் பசேலென்று இருக்கும் வட்டாரம். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் இந்தப் பசுமைக்குக் காரணம். ஊரின் பெயரைப் பிரித்துப் பாருங்கள். நஞ்சை என்றால் நீர் பாயும் வயல். இடையாறு என்றால் ஆறுகளுக்கு இடையே. ஒன்று காவிரி. இன்னொன்று எது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை! வடக்கிலிருந்து வரும் திருமணிமுத்தாறு இங்கேதான் காவிரியில் கலக்கிறது. கலந்த தண்ணீர் அடுத்துப் போவது மோகனூருக்கு. நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்த ஊர் அது. அதற்கும் கீழே திருச்சி, தஞ்சாவூர்.

போகிறவர்கள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். சுகவனேஸ்வரர் கோயில் பக்கம், உத்தமசோழபுரம், நஞ்சை இடையாறு மூன்று இடத்திலும் கரையில் நின்றபடியே தண்ணீரைப் பாருங்கள், இறங்க வேண்டாம். என்ன நிறம், வாடை உண்டா, கரையில் என்ன மரம், என்ன பறவை என்று தேதி போட்டு எழுதுங்கள். ஐப்பசி மழை நின்ற பிறகு அதே மூன்று இடத்துக்கும் இன்னொரு முறை போய் எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.